வட சென்னையில் பார்க்க என்ன கட்டடம் இருக்கிறது?

கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், திருச்சியிலிருந்து ஒரு வாரம் சென்னைக்கு வரப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சமகாலக் கட்டடம் என்று தேடினால் எல்லாம் ஓ.எம்.ஆர்., இ.சி.ஆர்., நுங்கம்பாக்கம் என்றே வருகிறது, வட சென்னையில் பார்க்கும்படி ஏதாவது நடக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

நடக்கிறது. ஆனால் படம் எடுத்துப் போடுகிற மாதிரி முகப்பு தேடி வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டட சைட்டில் நிற்கிறேன். எங்கள் பக்கத்துக் கட்டடம் எதுவானாலும் நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: சாயங்காலம் ஆறு மணிக்குப் போய், ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கிற ஊரில் வீடு வாசலோடு முடிவதில்லை. வாசலுக்கு வெளியே இருக்கிற அந்த நாலு அடியை யார் யோசித்துக் கட்டினார்கள், யார் மறந்தார்கள் என்பதில்தான் எங்கள் ஊர் வடிவமைப்பு இருக்கிறது.

முதலில் ஜார்ஜ் டவுன். உயர் நீதிமன்றத்தையும் (1892), பாரிமுனையில் ஆர்ட் டெக்கோ பாணியில் நிற்கிற டேர் ஹவுஸையும் (1940) எல்லோரும் காட்டுவார்கள், பாருங்கள். அப்புறம் பின்னால் உள்ள தெருக்களுக்குள் நுழையுங்கள். கட்டட விதிகளில் இதற்குத் தொடர் கட்டடப் பகுதி என்று பெயர், அதாவது பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முகப்பு பதினைந்து அடி இருந்தால் உள்ளே நூறு அடி ஓடும். வெளிச்சத்துக்கு நடுவில் முற்றம், தெருவுக்குத் திண்ணை. இன்று பாதிக்கு மேல் குடோனாகவும் மொத்த வியாபாரக் கடையாகவும் மாறிவிட்டன. திண்ணை போன இடத்தில் கடைப் படிக்கட்டும் அதில் சாய்த்த பைக்கும்.

போன மழைக்கு முன்னால் தம்புச்செட்டித் தெரு பக்கம் ஒரு சந்தில் பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேறு வேலையாகப் போனவன், ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்கே தேக்குச் சட்டம், அதற்கு மேல் கைக்குள் அடங்குகிற சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, சாய்கோட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியிருந்தார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த ஒரு படுகை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டை ஓடு. கடப்பாரையை நுழைத்து நெம்பினால் மளமளவென்று வராது. ஒவ்வொரு கல்லாகத்தான் கழன்றது. ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து, சுத்தியலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, டிங்கென்றால் வலது பக்கம், டொக்கென்றால் இடது பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் விலைக்கு, இடது பக்கம் குப்பைக்கு. தேக்குக்கு அன்றே ஆள் வந்துவிட்டார். அந்தக் கட்டைதான் நாளைக்கு எங்கேயோ ஒரு ஓட்டலில் 'பாரம்பரிய' மேஜையாகப் போய் நிற்கும்.

இதை ஏக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் கூரையில் இரும்புக் கம்பி கிடையாது. கடலோரத்தில் கட்டடத்தைக் கொல்வது கம்பியில் ஏறுகிற துரு. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பு, பழவேற்காட்டுப் பக்கக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு எல்லாம் உப்புக் காற்றோடு சண்டை போடாமல் வாழத் தெரிந்த பொருட்கள். சென்னையில் பாரம்பரியக் கட்டடம் என்று நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்டது 467. நான் பார்த்த அந்த வீடு மாதிரி பெயரில்லாத வீடுகளுக்குப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம். அவை எப்படிக் கட்டப்பட்டன என்று பார்க்க இன்று ஒரே வழி, இடிக்கும்போது போய் நிற்பது.

இன்று கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், அங்கேதான் என் வயிற்றெரிச்சல். வட சென்னையின் உண்மையான சமகாலக் கட்டடம் கட்டடக்கலைஞர் கையால் வந்ததில்லை, மேஸ்திரி கையால் வந்தது. அரை கிரவுண்டு, சில சமயம் அதிலும் பாதி. கீழே உரிமையாளர், மேலே இரண்டு மூன்று போர்ஷன் வாடகைக்கு, வெளிப்பக்கமாக ஏறுகிற மாடிப்படி, முகப்பில் எலிவேஷன் டைல்ஸ். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதென்றால், அலுவலகத்துக்கு நடையாக நடக்காமல் இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆகவே எங்கள் பக்கத்துத் தனி மனைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் அனுமதி சுலபமானதால் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கப்போவதில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடலோரக் காற்று நேராகப் படுகிற கான்கிரீட்டை அது கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே அதை மூடுகிற கான்கிரீட் கனம், அதாவது கவர், 45 மில்லிமீட்டர். காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் மேஸ்திரி போடுவது, கோயம்புத்தூரில் போட்டாலும் போடுகிற அதே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக். அதுவும் தீர்ந்துவிட்டால் ஒரு ஜல்லிக் கல்லைத் தூக்கிக் கம்பிக்கு அடியில் வைத்துவிடுவார். உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக்கொள்வதால் உள்ளிருந்து தள்ளி, கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். என் சித்தப்பா வீட்டில் பதினோராவது வருஷமே சமையலறைக் கூரையிலிருந்து ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. நல்லவேளை சித்தி அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கட்டிக் கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, "கடல் காத்து சார், என்ன பண்றது" என்றார். கடல் வீடு கட்டுவதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. நீங்கள் மாணவர். அந்தத் தெருக்களில் நடக்கும்போது பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். எந்தப் பாடப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அடுத்தது, உங்கள் ஆசிரியர்கள் காட்டாமல் விடக்கூடியது, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது: ஹவுசிங் போர்டு. 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் ஹவுசிங் போர்டுதான். பழைய பிளாக்குகள் தரையோடு மேலே மூன்று மாடி. ஒரு படிக்கட்டைச் சுற்றி நாலைந்து வீடு, முன்னால் திறந்த நடை. வீடு ரொம்பச் சின்னது, கக்கூஸ் வசதி மோசம், சுவர் ஒழுகும், அதையெல்லாம் மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் திறந்த நடை இருக்கிறதே, அது திண்ணையின் பேரப்பிள்ளை. அங்கே மீன் ஆய்வார்கள், தலை பின்னுவார்கள், சண்டை போடுவார்கள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும். இரண்டாவது மாடியிலிருந்து கீழே காய்கறி வண்டிக்காரரோடு பேரம் பேசி, கயிற்றில் கூடையை இறக்குவார்கள்.

அவற்றை இடித்துவிட்டு இப்போது எழுவது லிஃப்ட் வைத்த உயரக் கட்டடம். வீடு ஏறக்குறைய 400 சதுர அடி, தனிப் படுக்கையறை, உள்ளேயே கழிப்பறை. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது வருஷம் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் போய்த் திறந்த நடையின் அழகைப் பற்றிப் பேசினால் செருப்பால் அடிப்பார்கள். ஆனால் பல பிளாக்குகளில் நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் வீடு என்று தளம் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரிய வேண்டும். காற்று குறுக்கே போகாது. மீன் கழுவிய தண்ணீர் போக வழி இல்லை. என் நண்பனின் அம்மா பழைய பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருந்தவர், இப்போது ஏழாவது மாடி. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து லிஃப்ட் கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். ஏன் இங்கே என்று கேட்டேன். "கதவு தொறந்தா யாராவது வருவாங்கல்ல" என்றார்.

அப்புறம் ஸ்டில்ட். தூண்களை மட்டும் நிறுத்தி விடுகிற கீழ்த்தளம். வரைபடத்தில் அது வண்டி நிறுத்துமிடம். ஒரு மாதத்துக்குள் அங்கே கேரம் போர்டு வந்துவிடும், மேலே தொங்கவிட்ட ஒற்றை பல்போடு. சாயங்காலம் டியூஷன். காதுகுத்து, வளைகாப்புக்குப் பந்தி. சாவு விழுந்தால் ஐஸ் பெட்டியை லிஃப்டில் ஏற்ற முடியாது, ஆகவே கீழேயே வைத்துவிடுவார்கள். நாற்காலி, பறை, மாலை எல்லாம் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் புகுந்தபோது, ஸ்டில்ட் வைத்த கட்டடத்தில் நனைந்தது பைக்குகள், தரைத்தள வீடு இருந்த இடத்தில் நனைந்தது கட்டிலும் ரேஷன் அட்டையும். ஆக, வட சென்னையில் கடந்த இருபது வருஷத்தில் கட்டிய மிகச் சிறந்த பொது மண்டபம் எது என்று கேட்டால் நான் ஸ்டில்ட் என்பேன். யாரும் மண்டபமாக நினைத்துக் கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. ஓரத்தில் ஒரு நீள மேடை, ஒரு குழாய், நாலு பிளக் பாயின்ட், வெளிச்சம் இவ்வளவு சேர்த்தால் போதும். அந்தச் செலவு மொத்தத்தில் ஒரு பொட்டு.

புளியந்தோப்பு கே.பி. பார்க் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வாரியம் கட்டிய 1,920 வீடுகள். 2021 ஆகஸ்டில், குடிவந்த கொஞ்ச நாளிலேயே, விரலால் சுரண்டினால் சுவர்ப்பூச்சு உதிர்கிற காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு ஆய்வு செய்தது. அதைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள், நான் நீட்டவில்லை. வடிவமைப்பு என்று பேசுகிறபோது வரைபடத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பூச்சுக் கலவை என்கிற சாதாரண விஷயத்தில் எப்படிக் கவிழ முடியும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

சுவரோவியம் பார்க்க வேண்டும் என்றால் அது தெற்கே, கண்ணகி நகரில். 2020-ல் பெரிய பெரிய முகங்களாக வரைந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நகரின் ஆற்றோரங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் குடியிருக்கிற இடம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மெட்ரோவுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று அங்கிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீண்டது. தண்டையார்பேட்டை வரை பூமிக்கு அடியில், அப்புறம் தூண் மேல் ஏறித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு ஓடுகிறது. நிலையங்களின் வடிவத்தில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. கோயம்பேட்டில் பார்த்தால் என்ன, இங்கே பார்த்தால் என்ன. ஆனால் பெயர்களைக் கவனியுங்கள். திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, விம்கோ நகர். விம்கோ என்பது தீப்பெட்டி செய்த கம்பெனி. தேரடி நிலையத்தில் இறங்கித் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்து போகும்போது, பாலத்தின் நிழல் விழுகிற இடத்தை மட்டும் பின்பற்றிக்கொண்டே போங்கள். பூக்காரம்மா, செருப்புத் தைப்பவர், ஷேர் ஆட்டோ வரிசை எல்லாம் அந்த நிழலோடு நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு பக்கம், மாலையில் இன்னொரு பக்கம். சாலைக்கு இவ்வளவு பெரிய கூரை போட்ட பிறகு அதன் கீழே ஒரு பெஞ்ச் போட யாருக்கும் தோன்றவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நிலையத்தின் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அதையும் காவலாளி வந்து கிளப்பும் வரைக்கும்.

புதிதாக வந்தவற்றில் எனக்கு மனதார பிடித்தது கொளத்தூர் அகரத்தில் உள்ள முதல்வர் படைப்பகம். 2024 நவம்பரில் திறந்தார்கள், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கட்டியது. கீழே மடிக்கணினி வைத்து வேலை பார்க்க இடம், அதற்கு மேல் படிக்கிற கூடம், அதற்கும் மேல் சாப்பிட இடம். திறந்தபோது வைத்த கட்டணம், படிக்க அரை நாளுக்கு 5 ரூபாய், வேலை பார்க்க அரை நாளுக்கு 50 ரூபாய். அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் சொந்தத் தொகுதி என்பதால் அங்கே முதலில் வந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, நானும் முணுமுணுத்தேன். ஆனால் போய்ப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு பெண் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு எதற்கு, இங்கேதான் சத்தமே இல்லையே என்று நினைத்தேன். வீட்டில் வைத்துப் பழகிய பழக்கமாக இருக்கும். டிவி, குக்கர், தம்பி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஒரே அறையில் நடக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மேஜையும் ஒரு விளக்கும் கொடுப்பதைவிடப் பெரிய வடிவமைப்பு என்ன இருக்கிறது? வெளியே நின்று பார்த்தால் சாதாரணக் கட்டடம். அதனால்தான் பத்திரிகை அட்டையில் வருவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகளும் மொத்த வியாபார வளாகமும் வந்திருக்கின்றன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களால்தான், அதைச் சொல்லும்படி உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிராட்வேயில் பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்து 800 கோடிக்கு மேல் செலவில் போக்குவரத்து வளாகம் என்று திட்டம். வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் தொடங்கும்போது 4,000 கோடியைத் தாண்டியிருந்தது. பணம் வருகிறது என்பது உண்மை. எங்கள் ஊருக்கு இவ்வளவு பணம் வந்து நான் பார்த்ததில்லை. ராயபுரம் ரயில் நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம், பெரிய தூண்களோடு இன்னும் நிற்கிறது. நின்று பார்க்க ஆள்தான் இல்லை.

கடைசியாகக் கடற்கரை. துறைமுகம் வந்த பிறகு தெற்கிலிருந்து வருகிற மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது, எங்கள் பக்கம் கடல் தின்றது. தெருத்தெருவாகப் போயிருக்கிறது. இப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற சாலையில் கருங்கல் சுவரும், கடலுக்குள் நீளுகிற தூண்டில் வளைவுகளும் பார்ப்பீர்கள். பொறியாளர்கள் அலைக்காகப் போட்டவை. சாயங்காலம் அந்தக் கல் மேல் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கும். அங்கங்கே வலை பின்னும் கூடங்கள் உண்டு. நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை, தூண்கள், சிமென்ட் தரை, அவ்வளவுதான். வலையின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு தைப்பார்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அந்தத் தூண்கள் கயிறு உரசி வழவழவென்று தேய்ந்திருக்கும். தொட்டுப் பாருங்கள். தூணை எந்த உயரத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அதுவே சொல்லும்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காலையில் ஜார்ஜ் டவுன், கடைகள் மூடியிருப்பதால் வீட்டு முகப்பெல்லாம் தெரியும். மண்ணடியில் மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்குங்கள். வெயில் தாழ்ந்ததும் கடற்கரையோரம் காசிமேடு வரை ஷேர் ஆட்டோ. இருட்டிய பிறகு ஏதாவது ஒரு ஹவுசிங் போர்டு ஸ்டில்ட். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். கேரம் ஆட்டத்தில் ரெட் காய் மட்டும் மிச்சம் இருக்கும்போது மட்டும் பல்புக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.